காலி மண்டியில் எடுத்த நூற்றெண்பது அளவுகள்

2006 ஜூன் 10, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மேற்கிலிருந்து காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லின் ஜூன் மாதக் காற்று மழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொண்டுவரும். அந்தக் காற்றில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற வாடகை வேனில், பதினேழு உருப்படிகளை எண்ணி ஏற்றினேன். வேன் வாடகையை மகள் கொடுத்தாள். அதனால் அது என் செலவில் சேராது.

நான் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அந்த ஏப்ரலில் திடீரென்று வீட்டுக்கு வந்து, இனித் தனியாகத் தொழில் செய்யப்போவதாகச் சொன்னாள். அதுவும் திண்டுக்கல்லில். சென்னையில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருப்பதால், யாருமே தேடாத ஊரில் கடை போடுவது புத்திசாலித்தனம் என்று நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை. பழைய கம்பெனி மட்டும் அவளை விடவில்லை. ஜூன் முப்பதுக்குள் திரும்பி வந்தால் அதே நாற்காலி, அதே சம்பளம் என்று சொல்லி வைத்திருந்தது.

இரண்டு மாதத்தில் கிடைத்தது ஒரே ஒரு வேலை. ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டி. நான்கு ஷெட், ஒவ்வொன்றிலும் ஒரு தராசு. தராசடியில் நிற்கும் கணக்கர் கையடக்கக் கருவி ஒன்றில் எடையை அமுக்கினால், ஒயரே இல்லாமல் அது முன்பக்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய் பில்லாகிவிட வேண்டும். அதுவரை அந்த வேலையைத் துண்டுச்சீட்டுகளும் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் கால்களும் செய்துவந்தன. மண்டிக்காரர் சோதனை நாள் ஒன்று குறித்தார். அன்று நான்கு தராசும் பேசினால் வேலை அவளுக்கு. பேசாவிட்டால் கோயம்புத்தூர் கம்பெனிக்கு. அப்படிப் போனால் அவள் சென்னைக்குப் போவாள் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மனைவி மட்டும் அவளுடைய பெரிய சூட்கேஸைத் துடைத்துப் பரண்மேல் போட்டாள். எடுக்கச் சிரமமாக இருக்கட்டும் என்று நினைத்தாள்போல.

ஒயரில்லாத அலை எந்த இடம் வரைக்கும் எட்டுகிறது என்று முதலில் இடத்தை அளக்க வேண்டுமாம். அளப்பது என்று காதில் விழுந்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

அலையை அளக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். மகள் மூன்று பொருள் சொன்னாள். அலையை அனுப்பும் பெட்டி ஒன்று, அதை உயரத்தில் பிடிக்க ஒரு கம்பு, அலை எவ்வளவு வருகிறது என்று காட்ட ஒரு மடிக்கணினி. மூன்றோடு ஒரு காரியம் முடிந்ததாக என் பணிக்காலத்தில் பதிவே இல்லை. அது பதினேழானது இப்படித்தான்.

பெட்டி அவளிடம் இருந்தது. டிபன் கேரியரின் ஓர் அடுக்கு அளவு, இரண்டு கொம்பு. கம்பு என்னிடம் இருந்தது: சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த, மூன்று மீட்டர் நீளமுள்ள அளவைக் கம்பு. அரசாங்கச் சொத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கழிவுப் பொருள் ஏலத்தில் எடுத்தது, ரசீது இருக்கிறது. பெட்டியைக் கம்பின் உச்சியில் பிடிக்க டி.வி. ஆண்டெனா கிளாம்ப் ஒன்று. கம்பு தானாக நிற்காது. நிலமாக இருந்தால் குத்தி நிறுத்தலாம், மண்டியில் சிமென்ட் தரை. ஆகவே கல்யாண வீட்டுப் பந்தல்காரர்கள் செய்வதுபோலப் பழைய பெயின்ட் டப்பாவில் ஜல்லியும் சிமென்டும் போட்டு, நடுவில் குழாய் சொருகி வைத்தேன். தொண்ணூற்றைந்து ரூபாய், இருபத்திரண்டு கிலோ. ஒயரே இல்லாத நவீனத்துக்கு அடித்தளம் இருபத்திரண்டு கிலோ.

மடிக்கணினியின் பேட்டரி மூன்று மணி நேரம் வரும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது. என் கைக்கடிகாரத்தில் ஒரு மணி பத்து நிமிடம் வந்தது. அச்சடித்தவர் அதைத் திறக்காமல் வைத்துப் பார்த்திருப்பார். அதனால் ஒரு பைக் பேட்டரி, அதன்மேல் ஓர் இன்வெர்ட்டர், இரண்டையும் வைக்கத் தக்காளிப் பெட்டி ஒன்று, அதை இழுக்க மூட்டை தள்ளும் இரட்டைச் சக்கர வண்டி ஒன்று. வரிசையாகச் சேர்ந்துகொண்டே போயின.

எல்லாவற்றுக்கும் சிகரம், மடிக்கணினியில் சொருகும் அட்டையையும் வெளி ஆண்டெனாவையும் இணைக்கும் ஒயர். ஒயரில்லாத வேலைக்கு ஒயர் எதற்கு என்று கேட்டேன். மகள் அளவை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். இருபது சென்டிமீட்டர் நீளம். திண்டுக்கல்லில் ஏறிய ஐந்து கடைகளிலும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். மதுரைக்கு பஸ் ஏறினேன். கொண்டுவந்ததில் மரை பொருந்தவில்லை. மறுபடி பஸ். இந்த முறை மரை பொருந்தியது. ஆனால் ஒயரின் நுனியிலும் துளை, ஆண்டெனாவின் நுனியிலும் துளை, நடுவில் இருக்க வேண்டிய ஊசி எந்தப் பக்கமும் இல்லை. உலகத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்து, மரையை ஒரு விதமாகவும் ஊசியை எதிர்விதமாகவும் வைத்திருக்கிறார்கள். கடைசியில் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது, அறுநூற்று நாற்பது ரூபாய். ஒரு சென்டிமீட்டர் முப்பத்திரண்டு ரூபாய். மதுரை பஸ் நான்கு தடவை, தடவைக்குப் பத்தொன்பது ரூபாய்.

முப்பது மீட்டர் எஃகு டேப், சாக்பீஸ், வண்ணப் பென்சில் ஆகியவை என் பங்கு. நானூற்று இருபதும் பதினான்கும் முப்பத்தாறும். "துணி டேப் போதாதாப்பா?" என்றாள். துணி டேப் இழுத்த இழுப்புக்கு வரும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சனிக்கிழமை விடுமுறை. ஞாயிறன்று கேரளாவில் கடை திறக்காததால் லாரி போகாது, லாரி போகாததால் சரக்கு வராது. நான் அந்த நாளைத் தேர்ந்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஆள் இல்லை, மூட்டை இல்லை, டேப்பை இழுத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடையில்லாமல் ஓடும். மகள் வேனிலேயே ஒரு தடவை சொன்னாள்.

"அப்பா, சரக்கு இருக்கும்போதும் ஒருக்கா பாத்துருவோம்ப்பா."

"பயிரோட வயல அளந்து பாத்திருக்கியா நீ? பயிர் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. நிலம் அங்கயேதான் கெடக்கும்."

"இது நிலமில்லப்பா."

"அளவு அளவுதான்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன்.

மண்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார். பதினேழு உருப்படிகளும் இறங்குவதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"ஏனுங்க சர்வேயர் சார், நெலத்தையெல்லாம் அளந்து முடிச்சுப்போட்டீங்களா? இப்பக் காத்தா?"

"காத்துக்குப் பட்டா வேணும்னு கேட்டாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "டீ வரச் சொல்றேனுங்க" என்று போனார். டீ வரவில்லை. விடுமுறை நாளில் டீக்கடையும் மூடியிருக்கும் என்பது அவருக்கே தெரியும்.

ஒவ்வொரு ஷெட்டும் நீளம் இருபத்து நான்கு மீட்டர், அகலம் பன்னிரண்டு. மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி என்று சாக்பீஸால் கட்டம் போட்டேன். ஷெட்டுக்கு நாற்பத்தைந்து புள்ளி, நான்கு ஷெட்டுக்கு நூற்றெண்பது. புள்ளிக்கு மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்கச் சொன்னேன். ஐந்நூற்று நாற்பது அளவுகள். மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு எண்ணைப் படிப்பாள், நான் எழுதுவேன். எல்லாம் மைனஸ் எண்கள். மைனஸ் ஐம்பது நல்லதாம், மைனஸ் எழுபத்தைந்துவரை பரவாயில்லையாம், அதற்குக் கீழே போனால் பேச்சு வராதாம். பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதில் திருப்திப்பட்டுக்கொள்ளும் ஒரு துறை இருப்பதை அன்றுதான் அறிந்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் யாருக்கும் மைனஸ் சென்ட் நிலம் நான் கொடுத்ததில்லை.

முடிவு பிரமாதம். நான்காவது ஷெட்டின் கடைசி மூலையில்கூட மைனஸ் அறுபத்தாறு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து, நிலத்துக்குப் புலப்படம் வரைவதுபோல அளவுத்திட்டத்தோடு வரைபடம் போட்டேன். நல்ல இடம் பச்சை, சுமார் இடம் மஞ்சள். சிவப்புப் பென்சிலைச் சீவவே வேண்டியிருக்கவில்லை. மகள் நான்கு பெட்டி வைக்கலாம் என்று மதிப்பீடு போட்டிருந்தாள். நான் வரைபடத்தை விரித்து, இரண்டு போதும் என்று நிரூபித்தேன். மதிப்பீட்டை இரண்டாகக் குறைத்துக் கொடுத்தாள். மண்டிக்காரருக்கு மகிழ்ச்சி. எனக்கு அதைவிட மகிழ்ச்சி. வரைபடத்தின் கீழ்மூலையில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன். பின்னால் அது எனக்கு எதிரான சாட்சியாகும் என்று தெரிந்திருந்தால் பென்சிலால் போட்டிருப்பேன்.

சோதனை நாள் ஜூன் 22, வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. அந்த இரண்டு பெட்டிகளையும் முந்தின சனிக்கிழமை விடுமுறையிலேயே மாட்டியிருந்தோம். ஷெட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு முதலில் இடம் மாறி வந்துவிட்டதோ என்று தோன்றியது. நான் சாக்பீஸ் போட்ட தரை எங்கும் இல்லை. தக்காளிப் பெட்டிகள் என் தலைக்கு மேல். முட்டைக்கோஸ் மூட்டைகள் அதற்கும் மேல். முருங்கைக் கட்டுகள், சுரைக்காய், நான்காவது ஷெட் முழுக்கப் பூசணிக்காய்.

முதல் தராசு பேசியது. இரண்டாவது யோசித்து யோசித்துப் பேசியது. மூன்றாவதும் நான்காவதும் வாயே திறக்கவில்லை. நான்காவது தராசின் கணக்கர் கருவியைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் கேக்கலீங்களே."

"அது போன் இல்லீங்க" என்றாள் மகள்.

"அப்ப நான் சீட்டே எழுதிக்கறனுங்க" என்று அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தார். அதை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

மகள் பூசணி மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "தண்ணிப்பா. காய் பூராம் தண்ணி. மைக்ரோவேவ் அடுப்பு எப்படிச் சுடவைக்குது? இதே மாதிரி அலையத் தண்ணி குடிக்கிறதுனாலதான். இங்க அம்புட்டு அலையையும் காய் குடிச்சிருது."

காய்கறி மண்டியில் காய்கறி இருக்கும் என்பதை நான் ஒருவன்தான் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்நூற்று நாற்பது அளவுகளில் ஒன்றில்கூட ஒரு கத்தரிக்காய் இல்லை.

மண்டிக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "செவ்வாக்கெழம வரைக்கும் பாருங்கம்மிணி. அப்பறம் கோயம்புத்தூர்க்காரங்களுக்கு ஒரு போனப் போட்டறேன்" என்றார். செவ்வாய் என்றால் ஜூன் 27. முப்பதுக்கு மூன்று நாள் முன்னால். வேனில் திரும்பும்போது மகள் ஒரு வார்த்தைகூட என்னைக் குறைசொல்லவில்லை. திண்டுக்கல்வரை ஐந்து தடவை பெருமூச்சு விட்டாள். ஆறாவது என்னுடையது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அதே மூன்று மணிக்கு, அதே பதினேழு உருப்படிகளோடு மண்டி நிறைந்திருக்கும்போது இறங்கினோம். என் புள்ளிகள்மேல் சரக்கு உட்கார்ந்திருந்தது. ஒரு மூட்டையை நகர்த்தித் தரும்படி சுமை தூக்குகிறவரிடம் கேட்கப்போனேன்.

"அப்பா, எங்க போறீங்க?"

"பதினேழாம் புள்ளி இதுக்கு அடியிலதான் இருக்கு."

"மூட்டைக்கு அடியில யாருப்பா நின்னு எட போடப்போறா? தராசு எங்க இருக்கோ, ஆளு எங்க நடக்குறாங்களோ, அங்க அளந்தாப் போதும்."

வரைபடத்தை எடுத்து எண்ணினேன். நூற்றெண்பது புள்ளிகளில் மனிதர் நிற்கும் இடத்தில் இருந்தவை முப்பத்தொன்று. மீதி நூற்று நாற்பத்தொன்பது இடங்களில் பூசணிக்காய்க்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று பச்சைப் பென்சிலால் உறுதி கொடுத்திருந்தேன்.

சரி என்று கம்பை நடைபாதை நடுவில் நிறுத்தி, பெட்டியை மாட்டினோம். நான் நோட்டைத் திறந்து முதல் ஷெட்டிலிருந்து எழுத ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் எண்கள் அழகாக வரத் தொடங்கின. மூன்றாவது ஷெட்டில் மைனஸ் அறுபத்தொன்பது. நான்காவதில் எழுபது. நேற்று ஊமையாக இருந்த இடம். எனக்குப் பெருமை பொங்கியது. தண்ணீர்க் கதையெல்லாம் மகளின் கற்பனை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது வாசல் டீக்கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"சார், பெஞ்ச உள்ள எடுத்துப்போட்டனுங்க. பந்தலுக்கு மட்டும் ரெண்டு நாள் டைம் குடுங்க. ஏனுங்க, புல்டோசர் என்னிக்கு வருதுங்க?"

திரும்பிப் பார்த்தேன். நடைபாதை காலியாகியிருந்தது. பாதையில் அடுக்கியிருந்த பெட்டிகளும் மூட்டைகளும் உள்ளே போயிருந்தன, பலது பக்கத்து மண்டிக்கு. எதிர்க்கடைக்காரர் தன் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு வெள்ளைக் கம்பு, நோட்டு, எஃகு டேப், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிழவன். இவை நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஆக்கிரமிப்பை இடிக்க ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருடம் அப்படித்தான் நான் கடைவீதிகளுக்குள் போயிருக்கிறேன். எனக்கு முன்னால் பாதை எப்போதும் காலியாகும். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"அளந்ததெல்லாம் மறுபடியும் காலி எடம்ப்பா" என்றாள் மகள். இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜூன் மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

பதினெட்டாவது உருப்படியாக இனாமாக ஒரு சாக்கு வாங்கி, கம்பின் பட்டைகள் தெரியாமல் சுற்றிக் கட்டினேன். டேப்பைச் சுருட்டி வேனில் போட்டேன். பிறகு டீக்கடையில் நின்று, நான் ஓய்வு பெற்றவன், இடிக்க அதிகாரமில்லை, எனக்குச் சொந்தமான ஒரு பூட்டை உடைக்கக்கூட அதிகாரமில்லை என்று எல்லாருக்கும் விளக்கினேன். சும்மா சொன்னால் நம்பவில்லை. இருபத்து மூன்று டீ வாங்கிக் கொடுத்ததும் நம்பினார்கள். டீ இரண்டரை ரூபாய்.

"பெருசு, நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ரெண்டு தடவ மூட்ட தூக்கியிருக்க மாட்டமுங்கல்ல" என்றார் சுமை தூக்குகிறவர்களின் மேஸ்திரி. நியாயமான கேள்வி. அதற்கு நோட்டில் இடம் இல்லை.

ஐந்து மணிக்கு மூட்டைகள் பாதைக்குத் திரும்பின. சிக்னல் பழையபடி கெட்டுப்போனது. ஒரு அளவு கெட்டதற்காக நான் மகிழ்ந்தது அன்று மட்டும்தான். இருட்டுவதற்குள் முப்பத்தொரு இடங்களிலும் எடுத்தோம். இந்த முறை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்தப் பக்கம் என்ன காய் அடுக்கியிருக்கிறது என்றும் எழுதினேன். வெண்டைக்காய், மைனஸ் அறுபத்து மூன்று. முட்டைக்கோஸ், எழுபத்தாறு. தக்காளி, எழுபத்தெட்டு. பூசணி, தொண்ணூறு. பூசணிக்கு அப்பால் உலகம் இல்லை.

விடை நோட்டிலேயே இருந்தது. மூன்றாவது, நான்காவது ஷெட்டுகளுக்குத் தனித்தனியாக ஒரு பெட்டி, அதுவும் மூட்டை உயரத்துக்கு மேலே, கூரை இரும்பில் தொங்கவிட்டு, தராசைப் பார்த்துக் கீழே குனிந்தபடி. ஆக மொத்தம் நான்கு. மகள் முதலில் சொன்ன அதே நான்கு. அவள் அதைச் சுட்டிக்காட்டவில்லை. "ரெண்டு பெட்டிக்குன்னுதானப்பா வெல சொல்லியிருக்கோம், இனிமே ஏத்திக் கேக்க முடியாது" என்று மட்டும் சொன்னாள். அவள் கையில் அப்போது இருந்தது சென்னைக்கு ஒரு டிக்கெட் எடுக்கும் அளவுக்குத்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கடைக்குப் போய் இரண்டு பெட்டி வாங்கினேன். கடையில் பாக்கி வைத்து வாங்கியதாக மகளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டுக் கட்டினோம். ஏணியை நான் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மண்டி வழிந்தது. நான்காவது ஷெட்டில் பூசணி கூரைக்கு ஒன்றரை அடி கீழேவரை வந்திருந்தது. கணக்கர் கருவியை இந்த முறை காதில் வைக்கவில்லை, எடையை அமுக்கினார். நான் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் நின்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு சொல்வதற்குள் பிரின்டர் கிர்ரென்று இழுத்தது. பூசணி, நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.

மண்டிக்காரர் பில்லைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பரவால்லியேம்மிணி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க சார், எம்பட கடை முன்னாடி நாலடி தள்ளியிருக்குன்னு அன்னிக்கு நோட்ல எழுதுனீங்களாமா?" என்று கேட்டார். எழுதியிருந்தேன். பழக்கம். கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

மகள் அன்று மாலையே சென்னைக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னாள். ஒரு நிமிடம் இருபது வினாடி. அடுத்த மாதம் தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு தேங்காய்க் கிடங்கிலிருந்து கேட்டார்கள். "உரிச்ச தேங்காயா, கொப்பரையா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். "எந்த நாள்ல சரக்கு நிறைய இருக்கும்?" என்று நான் பக்கத்தில் இருந்து கேட்கச் சொன்னேன்.

கடையில் பாக்கி எதுவும் இல்லை என்பதை அவள் கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டால், என் ரசீது ஃபைலில் தேதிவாரியாக அது இருந்தது. அவள் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். முதல் வரைபடத்தை மட்டும் கண்ணாடி போட்டுத் தன் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறாள், என் கையெழுத்து நன்றாகத் தெரியும்படி. கண்ணாடிச் செலவு அவளுடையது. என் செலவு, நான்காயிரத்து நூற்றைம்பது வீதம் இரண்டு பெட்டி, இருபத்து மூன்று டீ, முப்பத்திரண்டு ரூபாய்ச் சென்டிமீட்டர்கள் உட்பட, மேஸ்திரி இனாமாகக் கொடுத்த சாக்கு நீங்கலாக: ஒன்பதாயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு.